பரோல் வேண்டாம் என்ற கைதி
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செய்யாத குற்றத்துக்காக ஒரு தொழிலாளி சிறையில் கிடக்கிறான். பல வருஷங்கள் ஓடிவிட்டன. அவன் மேல் போட்ட வழக்கு பொய் வழக்கு என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் சர்க்கார், "வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம், நன்னடத்தைக் கைதி என்று மனுப் போடு, முன்கூட்டியே விட்டுவிடுகிறோம்" என்கிறது. அவன் மனுப் போடலாமா, கூடாதா? அவனுக்காக வெளியே நின்று போராடுகிற நாம் அவனுக்கு என்ன சொல்வது? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்.

கேட்கும்போது இது சுலபமான கேள்வியாகத் தெரியும். "கதவு திறந்தால் வெளியே வர வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் இந்தக் கேள்வி தொழிலாளர் இயக்கத்தை வருஷக் கணக்கில் அலைக்கழித்தது. அந்தக் கைதியின் பெயர் டாம் மூனி. அவரோடு தண்டனை பெற்ற இளைஞர் வாரன் பில்லிங்ஸ். ஒரே வழக்கில் சிக்கிய இந்த இரண்டு பேரும் இரண்டு வேறு கதவுகள் வழியாக வெளியே வந்தார்கள். அதனால்தான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டோம்.

மூனி ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். சிறு பையனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். மூனி கற்றுக்கொண்டது வார்ப்பட வேலை. பவுண்டரியில் வேலை செய்கிற தோழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மண்ணில் அச்சுப் பிடித்து, உருக்கிய இரும்பை ஊற்றி, அந்தச் சூட்டில் நிற்கிற வேலை. வார்ப்படத் தொழிலாளர் சங்கத்தில் அவர் உறுப்பினர், சோஷலிஸ்டு. 1913-ம் வருஷம் மின்சாரக் கம்பெனி வேலைநிறுத்தத்தை ஒட்டி அவர் மேல் வெடிமருந்து வழக்குப் போட்டார்கள். அதில் தண்டிக்க முடியவில்லை. பில்லிங்ஸ் மட்டும் வெடிமருந்து எடுத்துச் சென்றதாகச் சிறைக்குப் போனார். இந்தப் பழைய தண்டனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது அவர் காலைச் சுற்றிய பாம்பாகிவிட்டது.

1916-ம் வருஷம் ஜூலை மாதம் மூனி ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து டிராம் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்க்க முயன்றார். டிராம் கம்பெனியின் பெயர் யுனைடெட் ரெயில்ரோட்ஸ். ஜூலை 14-ந் தேதி வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விட்டார். அது பிசுபிசுத்துப் போயிற்று. அதற்கு முன்பே, மின்சாரக் கோபுரம் ஒன்றை வெடி வைத்துத் தகர்த்த வழக்கில் மூனியைச் சிக்க வைக்க ஒரு தனியார் துப்பறிவாளன் அலைந்துகொண்டிருந்தான். ஸ்வான்ஸன் என்று பெயர். பில்லிங்ஸிடம் போனான். வாடகைக் கார் ஓட்டும் வைன்பர்க்கிடம் போனான். மூனிக்கு எதிராகச் சொன்னால் ஐயாயிரம் டாலர் பரிசு கிடைக்கும் என்று ஆசை காட்டினான். இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள்.

ஜூலை 22-ந் தேதி நகரத்தில் யுத்த ஆயத்த ஊர்வலம் நடந்தது. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கத் தயாராக வேண்டும் என்று பெரிய மனிதர்கள் நடத்திய ஊர்வலம் அது. பிற்பகல் 2 மணி 6 நிமிஷத்துக்கு ஸ்டூவர்ட் வீதியும் மார்க்கெட் வீதியும் சந்திக்கிற இடத்தில் குண்டு வெடித்தது. பத்துப் பேர் செத்தார்கள், நாற்பது பேர் காயமடைந்தார்கள். செத்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஊர்வலத்துக்கு வந்தவர்களும்தான். அது கொடிய பாதகம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பொய் வழக்கைப் பற்றிப் பேசுகிற ஆத்திரத்தில் செத்தவர்களை மறந்துவிடுவது நம் பக்கத்திலும் நடக்கிற தவறு.

குண்டு வெடித்தவுடன் அந்த ஸ்வான்ஸன் ஜில்லா பிராஸிக்யூட்டர் பிக்கர்ட்டிடம் வேலைக்குச் சேர்ந்தான். சில நாட்களில் மூனி, அவர் மனைவி ரேனா, பில்லிங்ஸ், வைன்பர்க், நோலன் என்ற இன்னொரு தொழிற்சங்கத் தலைவர், ஐந்து பேரும் உள்ளே. ஐயாயிரம் டாலரை வேண்டாம் என்றவர்கள் இரண்டு பேரும் அந்த ஐந்து பேரில் இருந்ததைக் கவனியுங்கள்.

முதலில் பில்லிங்ஸை விசாரித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மூனிக்கு 1917-ம் வருஷம் பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு, தூக்குத் தண்டனை.

அந்தச் சாட்சியங்களின் லட்சணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி, மார்க்கெட் வீதியிலேயே ஒரு கட்டிடம். ரேனா சங்கீதம் சொல்லிக் கொடுப்பவர். அவருடைய அறை அங்கேதான். அந்தக் கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து ஒருவர் ஊர்வலத்தைப் படம் பிடித்தார். படங்களில் டாம் மூனியும் ரேனாவும் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்கிறார்கள். கீழே வீதியில் ஒரு கடிகாரம். பிராஸிக்யூஷன் எதிர்த் தரப்புக்குக் கொடுத்த படங்களில் அந்தக் கடிகாரம் மங்கலாக இருந்தது, முள் தெரியவில்லை. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒரு படத்தில் 1 மணி 58 நிமிஷம். இன்னொன்றில் 2 மணி 1 நிமிஷம். மூன்றாவதில் 2 மணி 4 நிமிஷம். குண்டு வெடித்தது 2 மணி 6 நிமிஷத்துக்கு! ஜனங்கள் நெருக்கியடித்து நின்ற வீதியில் ஒரு மைலை எப்படித் தாண்டுவது?

இதைச் சமாளிக்க ஒரு புதுச் சாட்சி வந்தான். ஆரிகன் ராஜ்யத்து மாட்டு வியாபாரி, ஆக்ஸ்மன். குற்றம் சாட்டப்பட்டவர்கள் காரில் வந்து இறங்கியதையும் பெட்டியை வைத்ததையும் கண்ணால் கண்டேன் என்றான். நல்ல பணக்காரன், கனவான், ஜூரிகள் நம்பினார்கள். தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், இல்லினாய் ராஜ்யத்திலிருந்த தன் பழைய சிநேகிதனுக்கு இந்தக் கனவான் எழுதிய கடிதங்கள் வெளியாயின. வழிச் செலவும் பணமும் கிடைக்கும், வந்து ஸான்பிரான்ஸிஸ்கோவில் என்னைப் பார்த்ததாகச் சாட்சி சொல் என்று அழைத்திருந்தான். அந்தச் சிநேகிதனோ அந்த நகரத்தை அன்று எட்டிக்கூடப் பார்க்காதவன். குண்டு வெடித்த நேரத்தில் ஆக்ஸ்மனே வேறு ஊரில் இருந்தான் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

தூக்குத் தண்டனை விதித்த நீதிபதி கிரிபின் இதைப் பார்த்துத் திடுக்கிட்டு, மறு விசாரணை வேண்டும் என்று தாமே கேட்டார். கடைசி வரை மூனிக்காகப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லிற்று? விசாரணையின்போது பதிவான காகிதங்களை மட்டுமே நாங்கள் பார்க்க முடியும், பிறகு கிடைத்த ஆதாரத்தைப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. அதாவது, பொய்யைப் பிறகு கண்டுபிடித்தால் கண்டுபிடித்தவன் பாடு!

ஆகவே கோர்ட்டுக் கதவு மூடிவிட்டது. கவர்னர் கதவு மட்டும் மிஞ்சியது. நாம் பேச வந்த விஷயம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

1917-ம் வருஷம் ரஷ்யாவில் ஜார் ஆட்சி வீழ்ந்த சில வாரங்களில், பெத்ரோகிராடில் தொழிலாளர்கள் மூனியின் பெயரைச் சொல்லி அமெரிக்கத் தூதரகத்தின் முன் கோஷம் போட்டார்கள். ஜனாதிபதி வில்ஸனுக்கு யுத்த காலத்தில் இது தலைவலியாயிற்று. ஒரு கமிஷனை அனுப்பினார். அந்தக் கமிஷனும் மறு விசாரணை வேண்டும் என்றது. வில்ஸன் கவர்னர் ஸ்டீபன்ஸுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். 1918-ம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி தூக்கு என்று குறித்திருந்தது. நவம்பர் 28-ந் தேதி கவர்னர் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார்.

தோழர்களே, இந்த உத்தரவைக் கருணை என்று பத்திரிகைகள் எழுதின. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூனிதான் குண்டு வைத்தார் என்று கவர்னர் நம்பினால், பத்துப் பேரைக் கொன்றவன் என்றால், அந்தக் காலத்துச் சட்டப்படி தூக்கை ரத்துச் செய்ய என்ன காரணம்? வைக்கவில்லை என்று நம்பினால் ஆயுள் முழுதும் சிறையில் போட என்ன காரணம்? பாதி நிரபராதி என்று ஒருவன் உண்டா? அந்த உத்தரவு மூனிக்காக எழுதப்பட்டதல்ல. வெளியே திரண்டு நின்ற கூட்டத்தைக் கலைக்க எழுதப்பட்டது. கூட்டமும் கலைந்தது! 1919-ம் வருஷம் ஜனவரியில் சிகாகோவில் தொழிலாளர் பிரதிநிதிகள் கூடி, ஜூலையில் பொது வேலைநிறுத்தம் என்று தீர்மானித்தார்கள். ஜூலை வந்தது, நாடு தழுவிய வேலைநிறுத்தம் வரவில்லை. தூக்குக் கயிறு கண்ணுக்குத் தெரிகிறவரை ஜனங்கள் வீதிக்கு வருவார்கள். கயிற்றை எடுத்துவிட்டுக் கல் சுவரை மட்டும் வைத்தால், மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்ற எண்ணம் வந்துவிடும். மூனி இதை அன்றே புரிந்துகொண்டிருந்தார். உயிரோடு புதைக்கப்படுவதைவிடச் சாவதே மேல் என்று கவர்னருக்கு எழுதினார்.

இதற்குப் பிறகுதான் பரோல் பேச்சு வந்தது.

நம் ஊரில் பரோல் என்றால் கலியாணம், சாவு என்று கைதியைச் சில நாள் வீட்டுக்கு விட்டுத் திரும்ப அழைத்துக்கொள்வது என்று நினைக்கிறோம். அங்கே பரோல் வேறு. தண்டனைக் காலம் முடியுமுன்பே கைதியை வெளியே விடுவார்கள். ஆனால் அவன் கைதியாகவே இருப்பான். எங்கே குடியிருக்கலாம், எங்கே போகலாம் என்பதை அதிகாரி தீர்மானிப்பார். அந்தக் காலத்தில் நிபந்தனையை மீறினால் விசாரணையில்லாமல் மீண்டும் உள்ளே. அதைக் கொடுக்கிற போர்டு முக்கியமாகப் பார்ப்பது, செய்த குற்றத்துக்காகக் கைதி வருந்தித் திருந்தியிருக்கிறானா என்பதை. மூனி கேட்டது அதுவல்ல. கவர்னர் கையெழுத்துப் போடும் நிபந்தனையற்ற மன்னிப்பு. மன்னிப்பு என்ற சொல்லே நம் பாஷையில் இடிக்கிறது. தப்புச் செய்தவனுக்கல்லவா மன்னிப்பு! இங்கிலீஷிலும் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் தண்டனையை அடியோடு துடைக்கிற உத்தரவுக்குச் சட்டத்தில் வேறு பெயர் இல்லை.

பரோலை ஏற்றுக்கொள்ளும்படி மூனிக்குச் சொன்னவர்கள் எல்லோரும் விரோதிகள் அல்ல. அவர்கள் பக்கத்து நியாயத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. மனிதனுக்கு ஒரே ஆயுள். அவருடைய தாய் மேரி மூனி தள்ளாத வயதிலும் மகனுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினாள். 1934-ல் இறந்தாள், மகன் அப்போதும் ஸான் குவெண்டின் சிறையில்தான் இருந்தார். இதற்கெல்லாம் ஒரு காகிதக் கையெழுத்து விலை என்றால், போட்டுவிட்டு வெளியே வந்து உண்மையைச் சொல்லக் கூடாதா? எதிரியின் சட்டத்தில் போடுகிற கையெழுத்துக்கு என்ன மதிப்பு? நாம் வேலைநிறுத்தத்தில் தோற்றுத் திரும்பும்போது முதலாளி நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியதே இல்லையா?

இது பலமான வாதம். ஆனாலும் மூனி மறுத்தது சரி என்றே நாம் நினைக்கிறோம். காரணம் வீம்பல்ல.

பரோல் முறையின் உட்பொருளைப் பாருங்கள். குற்றம் செய்தவன் போர்டின் முன் வந்து, செய்தேன், வருந்துகிறேன் என்றால் அவனுக்குக் கதவு திறக்கும். அவன் உண்மையைச் சொல்லி வெளியே போகிறான். செய்யாதவன் உண்மையைச் சொன்னால், இன்னும் திருந்தவில்லை, பிடிவாதக்காரன் என்று எழுதிக்கொள்வார்கள். அவன் வெளியே போக வேண்டுமானால் பொய் சொல்ல வேண்டும். ஆக, குற்றவாளிக்குத் திறக்கிற கதவில் முட்டிக்கொண்டு நிற்பவன் நிரபராதி ஒருவன்தான். இது கலிபோர்னியாவோடு தீர்ந்த கதையல்ல. முன்விடுதலையைத் தீர்மானிக்கிற அதிகாரிகள் குற்றத்தை மறுக்கிற கைதியைச் சந்தேகத்தோடு பார்ப்பது இன்றும் பல நாடுகளில் உள்ள வழக்கம்.

இரண்டாவது, மூனியின் வழக்கில் கைதி ஒருவர் மட்டும் இல்லை. பணம் காட்டிச் சாட்சி தேடியது யார், கடிகாரத்தை மறைத்தது யார் என்ற கேள்வியும் இருந்தது. பரோலில் மூனி வெளியே வந்தால் அந்தக் கேள்வி செத்துப்போகும். அவர் உள்ளே இருந்தவரை, கலிபோர்னியாவின் ஒவ்வொரு கவர்னரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது ஒரு மனிதன் தன் உடம்பை வைத்து நடத்திய மறியல்!

மூனியை மகான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முன்கோபக்காரர், தமக்காகப் பாடுபட்டவர்களோடும் சண்டை போட்டவர். நிரபராதியாக இருப்பதற்கு மகானாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நல்லவனுக்குத்தான் நியாயம் என்று ஆரம்பித்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூனி மறுத்தது சரி என்று சொல்லலாமே ஒழிய, நீ மறுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் உரிமை வெளியே இருக்கிறவனுக்குக் கிடையாது. இரவில் வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சோறு தின்கிறவன், சிறையில் கிடப்பவனுக்கு வீரம் போதிப்பது கேவலம். அப்படிப் போதிக்கிற ஆட்களை எல்லா இயக்கங்களிலும் பார்க்கலாம். பில்லிங்ஸ் கதையைக் கேட்டால் இது விளங்கும்.

1930-ல் மக்டொனால்டு என்ற முக்கியச் சாட்சியைப் பால்டிமோர் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். அவன் வந்து, நான் சொன்னது பொய் என்றான். பில்லிங்ஸுக்கு முன்பே ஒரு தண்டனை உண்டல்லவா? இரண்டு தண்டனை பெற்றவனுக்கு மன்னிப்புக் கொடுக்க வேண்டுமானால் உச்ச நீதிமன்றம் சிபார்சு செய்ய வேண்டும் என்பது அந்த ராஜ்யத்துச் சட்டம். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் மறுத்தார்கள். மக்டொனால்டு நம்பத் தகாதவனாம். அவன் பேச்சை நம்பித்தானே ஆயுள் தண்டனை கொடுத்தீர்கள்! கவர்னர் யங் அந்த வருஷம் மூனியையும் விட மறுத்தார். அடுத்த கவர்னர் ரால்ப் 1932-ல் மறுத்தார்.

1935-ம் வருஷம் மூனியின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. பொய் என்று தெரிந்தே சாட்சியைப் பயன்படுத்தி சர்க்கார் ஒருவனைத் தண்டித்தால், அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்தக் கோர்ட்டு சொல்லிற்று. எத்தனையோ கைதிகளுக்குப் பிற்பாடு உதவிய தீர்ப்பு அது. அதைப் பெற்றுத் தந்த மூனிக்கு அன்று கிடைத்த பதில், முதலில் உன் ராஜ்யத்துக் கோர்ட்டுக்குப் போ என்பதுதான். போனார். 1937-ல் அந்தக் கோர்ட்டு மறுத்தது. அவர் பரோல் வாங்கிக்கொண்டு போயிருந்தால் அந்த 1935-ம் வருஷத்துத் தீர்ப்பு அவர் பெயரில் வந்திருக்காது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவில் கோர்ட்டு அல்ல, தேர்தல்தான் கதவைத் திறந்தது. 1938 தேர்தலில் வென்ற கல்பர்ட் ஆல்ஸன் கவர்னராகப் பதவியேற்ற சில நாட்களில், 1939-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி, மூனியைச் சிறையிலிருந்து வரவழைத்து, சட்டசபை மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும், இவர் நிரபராதி என்று நம்புகிறேன் என்று அறிவித்து நிபந்தனையற்ற மன்னிப்பு வழங்கினார். மறுநாள் மூனி ஸான்பிரான்ஸிஸ்கோ மார்க்கெட் வீதியில் ஆயிரக்கணக்கான தொழிலாளரோடு ஊர்வலம் போனார். கைதாகும்போது வயது 33. அப்போது 56.

பில்லிங்ஸுக்கு அந்த மன்னிப்பு இல்லை. பழைய தண்டனை குறுக்கே நின்றது. அவருக்குக் கிடைத்தது தண்டனைக் குறைப்பு: இதுவரை இருந்த காலம் போதும், போகலாம் என்ற உத்தரவு. 1939-ம் வருஷம் அக்டோபரில் அதை ஏற்றுக்கொண்டு வெளியே வந்தார். இது கோழைத்தனமா? இல்லை. மூனி வெளியே வந்துவிட்டார், வழக்கின் வண்டவாளம் கவர்னரின் வாயாலேயே வெளியாகிவிட்டது. இனி அவர் உள்ளே கிடந்து யாருக்கு எதை நிரூபிக்க வேண்டும்? மூனி மறுத்ததும் சரி, பில்லிங்ஸ் ஏற்றதும் சரி என்று நாம் சொன்னால், இரண்டு நாக்கு என்று சிலர் கேலி செய்யக்கூடும். செய்யட்டும். ஒரே காகிதம் ஒரு காலத்தில் வாயடைக்கிற துணியாக இருக்கும், வேறொரு காலத்தில் வெறும் சீட்டாக இருக்கும். எந்தக் காலம் என்பதைக் கைதி தீர்மானிக்கட்டும். வெளியே இருக்கிற நாம் செய்ய வேண்டியது, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லாமல் விடுதலை செய் என்று சர்க்காரைக் கேட்பது. கைதி கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அவன் பின்னால் நிற்பது.

அந்தப் பத்துப் பேரைக் கொன்றது யார்? அது கடைசி வரை நிரூபணமாகவில்லை. மூனிதான் என்று முடிவு கட்டிய பிறகு வேறு யாரைத் தேடுவார்கள்? செத்தவர்களின் குடும்பங்களுக்கும் அந்தப் பொய் வழக்கு துரோகம் செய்தது.

மூனி வெளியே வந்து அதிக காலம் நடமாடவில்லை. உடம்பு கெட்டுப்போயிருந்தது; பெரும்பாலும் படுக்கையில் கிடந்து 1942-ம் வருஷம் மார்ச்சில் காலமானார். பில்லிங்ஸ் சிறையில் கற்ற கடிகார ரிப்பேர் வேலையைக் கொண்டு ஸான்பிரான்ஸிஸ்கோவில் கடை வைத்துப் பிழைத்தார். அவருக்கு முழு மன்னிப்பு 1961-ம் வருஷம் வந்தது. சிறையிலிருந்து வந்து அப்போது இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.